முடிச்சோடு வெட்டிய சேலை

சின்ன வயதில் நான் செய்த தப்புகளுக்கெல்லாம் அன்றன்றே அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு புதுச் சேலையைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டியதற்கு மட்டும் ஓர் அடிகூட விழவில்லை. இத்தனைக்கும் அது என் சித்தி புருஷன் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டிய சேலை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சின்னாளப்பட்டியில் எங்கள் வீட்டில் அம்மா சுங்குடிச் சேலைகளுக்கு முடிச்சுப் போடுவாள். துணியைப் பொட்டுப் பொட்டாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி எடுத்தால், கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். முடிச்சை அவிழ்க்காமலே விற்பதும் உண்டு. தன் கையால் இழுத்து அவிழ்த்தால்தான், அது கையால் முடிச்சுப் போட்டதுதான் என்று சிலருக்கு நம்பிக்கை வரும். ஆனால் அவிழ்க்காத சேலை பார்க்க லட்சணமாக இருக்காது. சுருங்கிச் சுருண்டு, சாயம் சரியில்லை என்று ஒதுக்கிய கழிவுத்துணி மாதிரியே கிடக்கும்.

பொங்கலுக்கு வந்த சித்தி, பொங்கல் முடிந்தும் போகவில்லை. வரும்போதே அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். நெய்க்காரப்பட்டியில் சித்தப்பா வீட்டு பாத்ரூம் அவ்வளவு மோசமா என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

வீக்கம் வடிந்ததும் அவள் கழிவுத்துணி மூட்டையைப் பிரித்து ஒரு போர்வை தைக்க உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் திண்டுக்கல்லுக்குத் தையல் வகுப்புக்குப் போய்க் கற்ற வேலை. சதுரமாக வெட்டிய துணியைக் குறுக்காக ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை மடித்தால் முக்கோணம் வரும். அந்த முக்கோணங்களை ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வரிசை வரிசையாகத் தைக்க வேண்டும். வெட்டுவதும் மடிப்பதும் என் பொறுப்பு. நான் அவற்றுக்குச் சமோசா என்று பெயர் வைத்தேன். ஒரு வரிசைக்கு நாற்பது சமோசா தின்றது அந்தப் போர்வை.

மாசி மாதம் சித்தப்பா பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து பேசினார்கள். வெள்ளிக்கிழமை சித்தப்பா வந்து சித்தியைக் கூட்டிப்போவது என்று முடிவானது. சித்தியின் மாமியார் ஒரு சுங்குடிச் சேலை கொடுத்தனுப்பியிருந்தார். அதைக் கட்டிக்கொண்டுதான் அவர் வீட்டு வாசல்படி ஏற வேண்டுமாம். எங்கள் ஊரில் வாங்கிய சேலை, நெய்க்காரப்பட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முடிச்சுகூட அவிழாமல் எங்கள் ஊருக்கே திரும்பி வந்திருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அம்மா அதை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து சித்திக்குச் சோறு இறங்கவில்லை. போர்வை இன்னும் முடியலையே என்று மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

"அங்கிட்டுப் போயித் தச்சுக்கம்மா" என்றார் அப்பா.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். சித்தி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"மூட்டையில மேலாக்க கெடக்குறத எடுத்து வெட்டு தாயி" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

மேலே அரக்கு நிறத்தில் ஒரு சுருணை கிடந்தது. உடம்பெல்லாம் முடிச்சு. கத்தரி கடித்துக் கடித்துத்தான் போனது. பத்துப் பன்னிரண்டு சதுரம் வெட்டியிருப்பேன். குடத்தோடு உள்ளே வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"அடிப்பாவி, நாளைக்கு உஞ்சித்தி கட்ட வேண்டிய சீலைடி இது. எங்கிட்டிருந்து எடுத்த?"

"மூட்டையிலதாம்மா கெடந்துச்சு."

அம்மா குடத்தை இறக்கிவிட்டுக் கையை ஓங்கினாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், சித்தி நடுவில் புகுந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"விடுக்கா. புள்ளைக்கு என்ன தெரியும்."

அம்மா சித்தியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை இறக்கி, குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் சித்தப்பா வந்தார். அப்பா வெட்டுப்பட்ட சேலையை அவர் முன்னால் வைத்து, பிள்ளை விவரம் தெரியாமல் செய்துவிட்டது என்று சொன்னார். சித்தப்பாவின் முகம் செத்துவிட்டது. அவருடைய அம்மா, பல்லி கத்தினால்கூடப் பயணத்தை நிறுத்துகிறவர்.

"புதுச்சீலையில கத்திரி பட்டுருச்சுன்னா எங்கம்மா வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்கண்ணா. இன்னொரு நல்ல நாளாப் பாத்துக்கலாமுங்க" என்றவர், காபியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

அந்த நல்ல நாள் வரவே இல்லை. அதற்கப்புறம் இரண்டு தடவை ஆள் வந்தபோதும், "அவ இங்கனயே இருக்கட்டும்" என்று அம்மாவே சொல்லி அனுப்பிவிட்டாள்.

சித்தப்பா போன அன்று மத்தியானம் சித்தி இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒரு வரிசைக்குக் குறைந்த சதுரங்களையும் மீதிச் சேலையில் வெட்டி, முடிச்சுகளை இழுத்து அவிழ்த்தோம். பட்டுப் பட்டென்று வெள்ளைப் புள்ளிகள் வெளியே வந்தன. அரக்கு வரிசை போர்வைக்கு நடுவில் உட்கார்ந்தது, நன்றாகவே இருந்தது.

அடி தப்பியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் என்னைவிட நிம்மதியாக யாரும் இருந்திருக்க முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டேன். பீரோவில் வைத்த சேலை எப்படிக் கழிவுத்துணி மூட்டைக்கு வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. ஓங்கிய கையை அவள் ஏன் இறக்கினாள் என்பது எனக்குப் புரிவதற்கு, எனக்கே கல்யாணப் பேச்சு வர வேண்டியிருந்தது.