தாமதமாகப் பயந்த நெஞ்சு

சித்தப்பாவைப் பயமுறுத்துவது எங்கள் வீட்டின் பொது விளையாட்டு. கதவுக்குப் பின்னால் நின்று "பே" என்றால் போதும், ஆறடி மனிதர் துள்ளிக் குதித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அடிப்பாவி, நின்னே போச்சுடி!" என்பார். பல்லிக்குப் பயம். குக்கர் விசிலுக்குப் பயம். மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் கொஞ்சம் தாழப் பறந்தால் அதற்கும் பயம். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் பெயின்ட், ஆணி, கயிறு விற்கிற கடை வைத்திருந்தார். ஒரு காலத்தில் எங்கள் நெல் விளைந்த மண்ணின் மேல்தான் அந்தக் கடை நின்றது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைப் பின்னாலிருந்து பயமுறுத்த, பள்ளிக்கூடம் விட்டு நான் ஓடியே வருவேன்.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, தொண்ணூறுகளின் பிற்பாதியில், அந்த விளையாட்டுக்குத் தடை வந்தது. ஏதோ ஒரு காய்ச்சல் வந்த வழியே போனது, போகிற போக்கில் இதயத்தைத் தொட்டுவிட்டுப் போனது என்றார்கள். ஊதி ஊதித் தொளதொளத்த பலூன்போல அது பெரிதாகித் தளர்ந்துவிட்டதாம். நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தே தூங்குவார். இனி மருந்தால் ஆகாது, இதயத்தையே மாற்ற வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாற்றுவது என்ற சொல் எங்கள் வீட்டில் அதுவரை பல்புக்கும் சைக்கிள் டியூபுக்கும்தான் வழங்கிவந்தது.

அப்போதுதான் சிஸ்டர் வந்தார். அந்த ஆஸ்பத்திரியில் இதற்கென்றே பழகிய நர்ஸ். பொழிச்சலூரிலிருந்து மொபெட்டில் வருவார். தினமும் சித்தப்பாவை எடை மெஷினில் ஏற்றுவார். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்து, அந்தக் குழி எவ்வளவு மெதுவாக மேலெழும்புகிறது என்று பார்ப்பார், ஈர மண்ணைப் பார்க்கிற மாதிரி. அன்றைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரை ஒரு சொம்பில் ஊற்றி வைத்து, "இன்னிக்கு உங்க கடல் இவ்ளோதான் அண்ணா. காபி, மோர் எல்லாம் இதுக்குள்ளதான்" என்பார். சித்தப்பா அந்தச் சொம்பை, கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் பார்ப்பார்.

தலையணையை மார்போடு கட்டிக்கொண்டு இருமக் கற்றுக்கொடுத்தார். நெஞ்செலும்பைத் திறந்து மூடின பிறகு இருமித்தான் சளியை வெளியேற்ற வேண்டும், அன்றைக்கு உயிர்போக வலிக்கும், அப்போது கற்றுக்கொள்ள முடியாது, இப்போதே பழகுங்கள் என்றார். இன்னும் வராத வலிக்கு ஒத்திகை. நானும் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து இருமினேன். எனக்கு எதற்கு ஒத்திகை என்று யாரும் கேட்கவில்லை. வீடு அவ்வளவு குழம்பிக் கிடந்தது.

வீட்டுக்குப் போன் இணைப்பு வாங்கியதே இதற்காகத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து எந்த நிமிடமும் கூப்பிடுவார்கள் என்பதால் வேறு யாரும் அதில் பேசக்கூடாது. அது கூடத்தில் ஒரு புதிய தெய்வம்போல மௌனமாக உட்கார்ந்திருந்தது. சித்தி அதற்கும் சேர்த்துத்தான் விளக்கேற்றினாள் என்று நினைக்கிறேன். சீக்கிரம் ஒரு இதயம் கிடைக்கணும், கிடைத்தால் சிங்கப்பெருமாள் கோவில் குன்றைச் சுற்றி வருகிறோம் என்று வாய்விட்டே வேண்டிக்கொள்வாள். ஒரு நாள் சிஸ்டர் அதைக் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார்:

"கிடைக்கணும்னு வேண்டாதீங்கக்கா. இவரு தாங்கணும்னு வேண்டிக்குங்க."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் அம்மாவைக் கேட்டேன். வாயை மூடு என்றாள். அதுவே பதிலாகவும் இருக்கலாம்.

ஒரு மத்தியானம் போன் அடித்தது. ஏற்கெனவே கட்டிவைத்த பையைத் தூக்கிக்கொண்டு சித்தப்பாவை அழைத்துப் போனார்கள். மறுநாள், இதயம் வைத்தாகிவிட்டது, அது துடிக்கிறது என்று செய்தி வந்தது. சித்தி வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் சர்க்கரையைப் போட்டாள். எங்கள் தெருவே இனித்தது. வீட்டைத் தயார்படுத்த வந்திருந்த சிஸ்டர் மட்டும், "எனக்கு வேணாம்க்கா" என்று கையை மடக்கிக்கொண்டார். அவருக்கு நீரிழிவு என்று நான் முடிவு செய்தேன்.

பல வாரம் கழித்து சித்தப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வீடு வேறாகியிருந்தது. துளசிமாடத்து மண்ணிலிருந்து கிருமி வரும் என்று அது பின்பக்கம் போனது. பூ கூடாது, ஊறுகாய் கூடாது, பச்சையாய் எதுவும் கூடாது. எல்லோருக்கும் முகமூடி. தொட்டதற்கெல்லாம் சோப்பு. ஆரத்தித் தட்டோடு ஓடிய அம்மாவை சிஸ்டர் கேட்டிலேயே நிறுத்தினார். அம்மா தூரத்திலிருந்து காற்றில் சுற்றினாள், யாருக்கோ வழி காட்டுகிற போலீஸ்காரர்போல.

ஏன் இத்தனை என்று நான் கேட்டதற்கு சிஸ்டர் குனிந்து விளக்கினார். உள்ளே புதிதாய் வந்திருப்பது வேற்றாள். உடம்பின் காவல்காரனுக்குத் தெரிந்தால் அடித்துத் துரத்துவான். அதனால் மாத்திரை கொடுத்து அவனைத் தூங்க வைத்திருக்கிறோம். ஒரு வேளை தவறினாலும் விழித்துவிடுவான். "காவக்காரன் தூங்கறான் இல்ல? அதான் நான் கேட்ல நிக்கறேன்." எனக்கு நன்றாகப் புரிந்த மாதிரி இருந்தது. அன்று முழுக்க வீட்டைச் சுற்றி அந்தக் காவல்காரனைத் தேடினேன்.

ஊர் சும்மா இருக்குமா? எங்கள் பக்கத்தில், உடம்பு சரியில்லாதவரைப் போய்ப் பார்க்காவிட்டால் அது பகை. பார்க்க விடாவிட்டால் அதைவிடப் பெரிய பகை. சேலையூரிலிருந்து சித்தியின் அண்ணன், ஒரு பை ஆப்பிளும் கையகல ரோஜா மாலையுமாக, பின்னால் ஒரு வேன் நிறையச் சொந்தத்தோடு வந்து இறங்கினார்.

"இன்னாம்மா இது, என் தங்கச்சி வூட்டுக்குள்ள போறதுக்கு உன்கிட்ட டிக்கெட் வாங்கணுமா?"

"டிக்கெட் இல்லண்ணா. இன்னிக்கு ஷோவே இல்ல."

"ஆளு கீறாரா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல!"

அந்தக் கேள்விதான் வேனுக்குள் எல்லோர் மனதிலும் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மறைக்கிறார்கள் என்று ஒரு கட்சி. தொற்றுநோய், அதனால்தான் தட்டைக்கூடக் கொதிக்கவைக்கிறார்கள் என்று இன்னொரு கட்சி. உள்ளே சித்தி அழத் தொடங்கினாள். சிஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய், மூடிய கண்ணாடி ஜன்னலின் திரையை விலக்கி, சித்தப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லோரும் பார்த்துக்கொள்ளும்படி முகமூடியைக் கழற்றச் சொன்னார்.

வேனிலிருந்து இறங்கியவர்கள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

மருந்தின் வேலை. ஒட்டிய கன்னம் போய் முகம் முழு நிலாவாக உப்பியிருந்தது. புருவத்தைத் தாண்டியும் புதிதாய் மயிர் அரும்பியிருந்தது. "இது அவரு இல்ல," என்றாள் ஒரு கிழவி. "ஆளையே மாத்திட்டானுங்க." நானும் கண்ணாடிக்கு உள்ளே, அறையின் மூலையிலிருந்து அதே முகத்தைத்தான் வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் சந்தேகத்தைத்தான் அந்தக் கிழவி உரக்கச் சொல்லிவிட்டாள்.

அப்போது சித்தப்பா கண்ணாடியைத் தட்டி, தன்னால் முடிந்த அளவு கத்தினார்: "யோவ் மச்சான்! கடையிலேர்ந்து தூக்கிட்டுப் போனியே ஏணி, அத எப்பய்யா திருப்பித் தருவே?"

வேன் முழுக்கச் சிரித்தது. அவரேதான், அவரேதான் என்று கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா மாலையை கேட்டின் மேல் சாத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏணியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனார்.

சொந்தக்காரர்களுக்கு ஏணி போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. முகம் வேறு. நெஞ்சு வேறு. மிச்சம் ஒரு ஏணியா சித்தப்பா?

அதற்குப் பதில் சொல்வதுபோல ஒரு காரியம் நடந்தது. கார்த்திகை மாதம், தெருப் பையன் ஒருவன் தீபாவளிக்கு வெடிக்காமல் மிஞ்சிய அணுகுண்டை எங்கள் சுவரோரம் வைத்துவிட்டான். வீடு அதிர்ந்தது. சித்தப்பா நாற்காலியிலிருந்து துள்ளினார், பழையபடியே. பழையபடியே கை நெஞ்சுக்குப் போனது. ஆனால் "நின்னே போச்சுடி" வரவில்லை. கையை அங்கேயே வைத்துக்கொண்டு, பூட்டிய கதவின் முன் நிற்கிறவர்போல, விழித்தார்.

"சிஸ்டர், நான் பயந்துட்டேன். இது பயப்படல."

சிஸ்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றார். இதயத்துக்கு வரும் நரம்புகளை வெட்டித்தான் எடுத்தார்கள், அவை இன்னும் ஒட்டவில்லை. மூளை சொல்வது அதற்கு உடனே கேட்காது. பயம் ரத்தத்தில் கரைந்து, மெல்ல ஓடி, போய்ச் சேர வேண்டும். "தந்தி கட்டாயிடுச்சுண்ணா. இனிமே தபால்தான்." அதனால்தான் எழுந்தவுடன் நடக்காதீர்கள், முதலில் காலை ஆட்டுங்கள் என்கிறேன் என்றார். வலித்தாலும் இது சொல்லாது, நாங்கள்தான் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து, வெடி வைத்த பையன் திட்டு வாங்கிக்கொண்டு ஓடி, தெரு அடங்கி, எல்லோரும் வேறு பேச்சுக்குப் போன பிறகு, பால் குடித்துக்கொண்டிருந்த சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "இப்போ," என்றார் ரகசியம்போல. "இப்பதான் பயப்படுது." என் கையை எடுத்துச் சட்டைமேல் வைத்தார். உள்ளே என்னவோ குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. யாரும் துரத்தாதபோது ஓடுகிற யாரோ.

வேண்டுதலை நிறைவேற்றப் பல மாதம் கழித்துத்தான் சிஸ்டர் அனுமதித்தார். கூட்டமில்லாத ஒரு வாரநாள், முகமூடி, வெறுங்காலில் நடக்கக்கூடாது என்று காலுறை. சிஸ்டரும் கூடவே வந்து, கோயிலுக்கு வெளியே நின்றுகொண்டார். சிங்கப்பெருமாள் குன்றைக் குடைந்த குகைக்குள் இருப்பதால், அவரைச் சுற்ற குன்றையே சுற்ற வேண்டும். சித்தப்பா முதலில் சமதரையில் மெல்ல நடந்தார், தபால் போய்ச் சேரட்டும் என்று. பிறகு ஏறினார். எங்கும் உட்காரவில்லை. சித்தி ஒவ்வொரு படியிலும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்ததில் இரண்டு முறை தடுக்கி விழப்போனாள்.

சுற்றி முடித்து சன்னதியில் நின்றோம். பட்டர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: "யார் பேருக்கு? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

சித்தி வாயெடுத்தாள். சித்தப்பா அவள் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"பேரு தெரியாது சாமி."

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது."

பட்டர் தட்டோடு அப்படியே நின்றார்.  நான் இத்தனை நாள் சந்தேகப்பட்டது சரிதான். நெஞ்சை எடுத்தபோது பேரும் அதோடு போய்விட்டது. ஏணி ஞாபகமிருக்கிறது, சொந்தப் பேர் ஞாபகமில்லை. இந்தப் பெரியவர்கள் யாராவது எடுத்துக்கொடுக்கக் கூடாதா?  நானே கத்தினேன். அவர் பேரைச் சொல்லி, திருவோணம், திருவோண நட்சத்திரம் என்று, குகை திருப்பிச் சொல்லும்படி.

சித்தப்பா என்னைப் பார்த்தார். அந்த உப்பிய முகத்தில், முகமூடிக்கு மேலே, கண் மட்டும் பழையதாக இருந்தது. என் தலையில் கையை வைத்தார்.

"அது எனக்குடா கண்ணு. இது வேற ஒருத்தருக்கு."

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பட்டர் ஒரு கணம் தலைகுனிந்து, "பெருமாளுக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். மணி ஒலித்தது. எல்லோரும் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். நான் மட்டும் திறந்த கண்ணோடு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். சித்தி, சித்தப்பா, மாமாகூட வந்திருந்தார். எங்களில் ஒருவரும் குறையவில்லை. எல்லோருக்கும் பேர் இருந்தது, நட்சத்திரம் இருந்தது. அப்புறம் யாருக்கு?