கற்பூரம் கேட்ட வண்டு ஆராய்ச்சியாளர்

சைகோன் வீழ்ந்த பிறகு எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு, பிள்ளைகளே. அங்கே பென் தான் என்ற சந்தைக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் பூஜை சாமான்கள் என் பொறுப்பு. நூல் கட்டிய கண்ணாடி போட்ட ஒரு வியட்நாமியர் தினமும் வந்து, எரியும் கற்பூரத்தையே பார்த்துக் கண்கலங்குவார். பக்தி என்று நினைத்தேன்.

ஒருநாள் தன் பாஷையில் கேட்டார்.

"தம்பி, எரிக்காம ஒரு கட்டி தருவியா?"

"எதுக்கு அண்ணே?"

"நான் வண்டு ஆராய்ச்சி பண்றவன். இருபது வருஷமா பிடிச்ச வண்டெல்லாம் ஊசி குத்திப் பெட்டியில வெச்சிருக்கேன். பூச்சி அரிக்குது. கற்பூரம் வெச்சா கிட்ட வராது."

"அம்மனுக்கே வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. வண்டுக்குக் கொடுத்தா அவ என்னைச் சும்மா விடுவாளா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

மழைக்காலம் முடிந்து ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே வரிசையாக ஊசிகள். ஒவ்வொன்றின் கீழும் பொடி எழுத்தில் பெயர்ச்சீட்டு, கொஞ்சம் தூள். ஒரு வண்டும் இல்லை.

"எல்லாப் பெட்டியும் இப்படித்தான்."

நான் குனிந்து அந்தத் தூளைப் பார்த்தேன்.

"இதையெல்லாம் அரிச்சுத் தின்ன பூச்சியும் ஒரு வண்டுதான் தம்பி. அதைப் பத்தியும் நான் எழுதியிருக்கேன்."

அதை ஏன் அத்தனை பிரியமாகச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.