கடமான் நின்ற ஓடையும் வல்லாரைக் கீரையும்

போன வாரம் போனில் ஒரு படம் பார்த்தேன். மலைக்காட்டுக்குச் சுற்றுலா போன ஒரு தம்பி ஓடைத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடிக்கிறார். "இதைவிடச் சுத்தமான தண்ணி உலகத்துலயே கிடையாது" என்று கீழே எழுதியிருந்தார். எத்தனையோ பேர் லைக் போட்டிருந்தார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. காட்டுக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

நான் போனது தொண்ணூற்று ஆறாம் வருடம், மாசி மாதம். சுற்றுலாவுக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் பொள்ளாச்சிக்குத் தெற்கே மலைக்காட்டில் தினக்கூலிக்குக் காவல் வேலை பார்த்தார். வேட்டைக்காரர்கள் வராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருவார். ஐப்பசியில் காய்ச்சலோடு வந்தார், கண் மஞ்சளாகியது, மார்கழியில் போய்விட்டார். அவருடைய சாமான்கள் காட்டுக் கொட்டகையிலேயே கிடந்தன. கூட வேலை பார்த்த ஆறுச்சாமி அண்ணன், "வந்து எடுத்துட்டுப் போங்க, எலி கடிச்சுப்போடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒன்பது வயது மகள் செல்வியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளை விட்டுவிட்டுப் போக முடியாத நிலைமை. அவள் அப்பா போனதிலிருந்து வலது பக்கம் விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று சுருண்டு சுருண்டு படுத்தாள். சாப்பாடு இறங்கவில்லை. சில நாள் ராத்திரி உடம்பு அனலாகக் கொதிக்கும், விடிந்தால் இருக்காது. "அப்பன நெனச்சு ஏங்குது கண்ணு, நாளானாச் சரியாப்போயிரும்" என்றார்கள் அக்கம்பக்கத்தில். நானும் அப்படித்தான் நினைத்தேன். கயிறு மந்திரித்துக் கட்டினேன். மருந்துக்கடையில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தேன். ஒன்றுக்கும் கேட்கவில்லை. அவர் படுத்திருந்த அதே பாயில்தான் அவளும் படுத்திருந்தாள்.

நாங்கள் குடியிருந்தது பீளமேட்டில், ஒரு மில்லை ஒட்டிய லைன் வீட்டில். விடியற்காலை டவுன் பஸ் பிடித்து உக்கடம் போய், அங்கேயிருந்து பொள்ளாச்சி பஸ் ஏறினோம். நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். கால் மணிக்கு ஒரு பஸ் இருந்ததால் நிற்க வேண்டியதில்லை. கட்டணம் எவ்வளவு என்று நினைவில்லை. நினைவிருந்தாலும் இப்போது அது உங்களுக்கு உதவாது.

கிணத்துக்கடவு தாண்டியதும் செல்வி வாந்தி எடுத்துவிட்டாள். பக்கத்தில் தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா தன் முந்தானையாலேயே அவள் வாயைத் துடைத்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, புள்ளைக்குப் பித்தமுங்களா?"

"இல்லீங்க. அவங்கப்பா செத்துட்டாருங்க. அந்த ஏக்கமுங்க."

அந்த அம்மா செல்வியை மேலும் கீழும் பார்த்தார். "ஏக்கத்துக்கு அழுவாச்சி வருமுங்க. வாந்தி வருமுங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். இறங்கும்போது ஒரு தக்காளியை எடுத்துச் செல்வி கையில் வைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

பொள்ளாச்சியில் இட்டிலி சாப்பிட்டோம். அவள் பாதி வைத்துவிட்டாள். அங்கேயிருந்து ஆனைமலை வழியாகச் சேத்துமடைக்கு இன்னொரு பஸ். இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் தென்னந்தோப்பு, வெயிலே தெரியாது. மலை ஏறுகிற பஸ் நாளைக்கு ஒன்றிரண்டுதான் என்பதால் ஆறுச்சாமி அண்ணன் ஒரு ஜீப்போடு வந்து செக்போஸ்டில் காத்திருந்தார். ஜீப்பின் பின்னால் ஒரு இளவயதுப் பெண் பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கால்நடை டாக்டருக்குப் படித்துவிட்டு மான்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவராம்.

"டாக்டரம்மா பைக்குள்ள என்னன்னு கேளுங்க," என்றார் டிரைவர் என்னிடம். "ஊருல பொம்பளைங்க மல்லியப்பூவுக்கு அடிச்சுக்குவாங்க. இவங்க மான் புழுக்கைக்கு அடிச்சுக்கறாங்க. நேத்து எஞ்சாப்பாட்டுப் பையில ஒரு பொட்டணத்த வெச்சுப்போட்டாங்க. புளிச்சோறுன்னு பிரிச்சுப்போட்டேன்."

"பிரிச்சதோட வுட்டீங்களே, அதச் சொல்லுங்க," என்றார் அந்தப் பெண்.

செல்வி சிரித்தாள். இரண்டு மாதமாக அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் இல்லை.

கொட்டகை என்பது ஒரு தகர ஷெட். சுற்றிலும் யானை வராமல் இருக்கக் குழி வெட்டியிருந்தார்கள். அவருடைய சாமான் என்று பார்த்தால் ஒரு கம்பளி, ஒரு டார்ச், இரண்டு சட்டை, முகம் பார்க்கும் கண்ணாடி. அந்தச் சட்டையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். புகை வாசம்தான் அடித்தது. ஆறுச்சாமி அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஓடைக்குப் போலாமுங்களா? சாயந்தரமானா அவன் அங்கதானுங்க உக்காந்திருப்பான். மானு வருமுங்க" என்று கூப்பிட்டார்.

அரை கிலோமீட்டர் நடை. டாக்டரம்மாவும் வந்தார். ஓடை பெரிதில்லை, ஒரு இடத்தில் மட்டும் குளம் மாதிரி தேங்கி நின்றது. அந்தத் தண்ணீரில் வயிறு நனைய ஒரு கடமான் நின்றுகொண்டிருந்தது. மாட்டளவு உயரம், பழுப்பு நிறம். தண்ணீருக்குள் தலையை விட்டுப் பாசியும் இலையுமாக இழுத்துத் தின்றது. நின்ற இடத்திலேயே புழுக்கையும் போட்டது. நான் அதுவரைக்கும் காட்டில் மானைப் பார்த்ததில்லை. அழகாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இதற்கு விலா எலும்பெல்லாம் எண்ணலாம் போல இருந்தது. தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை தொங்குவது மாதிரி ஒரு வீக்கம்.

"அது என்னங்க, கழுத்துல?" என்று கேட்டேன்.

"ஈரல்ல புழு இருக்கும்னு நெனைக்கிறேன்," என்றார் டாக்டரம்மா. "இந்தக் கூட்டத்துலயே முன்ன இருந்ததுல பாதிதான் மிச்சம். வேட்டை ஒரு பக்கம், இது ஒரு பக்கம். அடிவாரத்து மாடுங்க மேய வந்து இதே தண்ணியத்தான் குடிக்குது. மாடு மானுக்குக் குடுத்துச்சா, மான் மாட்டுக்குக் குடுத்துச்சான்னுதான் நான் பாத்துட்டிருக்கேன்."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது செல்வி தண்ணீர் ஓரமாகக் குனிந்தாள். அங்கே வல்லாரை பாய் விரித்தது போலக் கிடந்தது. ஒரு கொத்தைக் கிள்ளினாள், தண்ணீரில் அலசினாள், வாய்க்குக் கொண்டு போனாள். அதற்குள் டாக்டரம்மா ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கீரை சிதறி விழுந்தது. மானும் மிரண்டு காட்டுக்குள் பாய்ந்துவிட்டது.

"பச்சையாத் திங்கக் கூடாது கண்ணு!"

செல்வி அழ ஆரம்பித்துவிட்டாள். "எங்கப்பா தருவாரு."

"என்ன தருவாரு?"

"இந்தக் கீரை. ஊட்டுக்கு வாரப்பல்லாம் கொண்டாருவாரு. தின்னாப் படிச்சது மறக்காதுன்னு."

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஏதோ தப்பு என்று புரிந்தது, என்ன என்று புரியவில்லை. ஆமாம், கொண்டுவருவார். ஈரத்துணியில் சுற்றி, வாடாமல், பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். கசக்கிறது என்று அவள் மூஞ்சியைச் சுளிப்பாள். "இங்க பாரு சாமி, அப்பா திங்கறேன்" என்று முதலில் அவர்தான் ஒரு பிடியை மென்று காட்டுவார். எனக்குக் கசப்பு ஆகாது, நான் தொட்டதில்லை.

"அக்கா, புள்ளைக்கு ஒடம்பு எப்படி இருக்குது?" என்று கேட்டார் டாக்டரம்மா. சொன்னேன். எந்தப் பக்கம் வலி என்றார். காட்டினேன். அவர் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அந்தப் புழு இலை மாதிரி தட்டையாக இருக்குமாம். மானுக்கும் மாட்டுக்கும் ஈரலில் குடியிருக்கும். அதன் முட்டை சாணத்தோடு தண்ணீரில் விழும். தண்ணீரில் இருக்கிற நத்தைக்குள் போய் வளர்ந்து, வெளியே வந்து, கரையோரத்து இலையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். அந்த இலையை எது தின்றாலும் அதன் ஈரலுக்குப் போகும். தண்ணீரிலும் மிதக்கலாம்.

"மானோட வயித்துப் புழு நிறைய நமக்கு ஒட்டாதுக்கா. இது ஒட்டும். ஆனா மனுசங்களுக்கு வர்றது ரொம்ப அபூர்வம். நான் மாட்டு டாக்டர், புள்ளைய நான் பாத்துச் சொல்லக் கூடாது. நாளைக்கே கோயம்புத்தூர்ல காட்டணும். நானும் வாரேன்."

ஆறுச்சாமி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஊருல எல்லாரும் குடிச்சுச் செத்தான்னு சொல்லிப்போட்டாங்களேம்மா. கூலி வாங்குனா ஒரு நாள் குடிப்பான், இல்லீங்கல. அதுக்கு மேல தொட மாட்டானே."

மறுநாள் முதல் வண்டியிலேயே இறங்கிவிட்டோம். காட்டைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அதனால் அந்தப் பக்கம் பார்க்க வேறு என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. பஸ்ஸில் செல்வியை மடியில் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு மாதமாக ஏக்கம் ஏக்கம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் நம்பவில்லை. "மானுக்கு வர்றது புள்ளைக்கா?" என்றார். டாக்டரம்மா பொறுமையாகப் பேசிப் புரியவைத்தார். மலத்தைச் சோதித்ததில் முதல் நாள் ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. நான் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். "ஒரு தரம் பாத்தாப் போதாதுக்கா, முட்டை தெனமும் வராது" என்று டாக்டரம்மா பிடிவாதமாக இன்னொரு நாள் கொடுக்கச் சொன்னார். அன்றைக்கு முட்டை தெரிந்தது. பெரிதாகக் காட்டும் கண்ணாடிக்குள் என்னையும் பார்க்கச் சொன்னார்கள். மஞ்சளாக, ஒரு பக்கம் மூடி போட்ட சின்னச் செப்பு மாதிரி இருந்தது. இத்தனூண்டு. அழகாகக்கூட இருந்தது.

மருந்து இங்கே கடையில் கிடைக்கவில்லை, வெளியூரிலிருந்து வரவழைத்தார்கள். விழுங்கிய பிறகு இரண்டு நாள் வலியில் துடித்தாள். அப்புறம் காய்ச்சல் வரவில்லை. பங்குனிக் கடைசியில் ஒருநாள் நான் மில்லில் வேலை முடிந்து வந்தபோது, ராத்திரிக்கு வைத்திருந்த பழைய சோறு சட்டியில் இல்லை. யார் தின்றது என்று அதட்டினேன். செல்வி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றாள். நான் வாசலில் உட்கார்ந்து அழுதேன். அவர் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

ஆறுச்சாமி அண்ணனையும் வரச்சொல்லிச் சோதித்தார்கள். அவருக்கு ஒன்றும் இல்லை. "நான் கீரைய ஆட்டுக்குத்தான் போடுவேன்" என்றார்.

மான் மேல் கோபம் இருக்கிறதா என்று இதைக் கேட்டவர்கள் கேட்பார்கள். இல்லை. அதற்கும் ஈரல்தானே அழுகுகிறது. நமக்காவது ஆஸ்பத்திரி இருக்கிறது. காட்டுக்கு மருந்து கொடுக்க முடியாது, மாட்டைக் காட்டு ஓடைக்கு ஓட்டாமல் இருக்கலாம், அதுதான் நம்மால் ஆனது என்று டாக்டரம்மா சொல்வார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டு போங்கள், போதாவிட்டால் கொதிக்கவைத்துக் குடியுங்கள். பளிங்கு மாதிரி தெரிகிறது என்று நம்பாதீர்கள். ஓடையோரம், குளத்தோரம் முளைக்கிற கீரை எதையும் பச்சையாக மெல்லாதீர்கள். அலசினால் அந்தப் புழு போகாது, வேகவைத்தால்தான் சாகும். வல்லாரை நல்ல கீரைதான், துவையலானாலும் நன்றாக வதக்கி அரையுங்கள். புழுக்கை கிடக்கிற இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். மானுக்குக் கையில் எதுவும் கொடுக்காதீர்கள், கிட்டேயும் போகாதீர்கள்.

இன்னொன்று. காட்டுக்குப் போய் வந்த பிறகு, நாலு மாதம் கழித்தானாலும், வயிறு சரியில்லை என்று டாக்டரிடம் போனால், காட்டுக்குப் போனதையும் அங்கே தின்றது குடித்ததையும் நீங்களாகவே சொல்லுங்கள். அவர்கள் கேட்கும்வரை இருக்காதீர்கள்.

செல்விக்குச் சரியான பிறகு ஒருநாள் டாக்டரம்மாவிடம் கேட்டேன், "அவருக்கும் இதுதானுங்களா?" என்று. "தெரியாதுக்கா. அப்பப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் காட்டியபோது நான்தான் பக்கத்தில் நின்றேன். என்ன வேலை என்று கேட்கவில்லை. எங்கே தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "குடிப்பியா?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். அவருக்குப் பொய் சொல்ல வராது. "எப்பவாச்சும் குடிப்பேனுங்க" என்றார். அதற்குமேல் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.