ஆகாயக் கப்பலில் வளர்ந்த அமலி

சின்ன நைனா, உன்னை இப்படிக் கூப்பிட இனி என்னை விட்டால் ஆள் இல்லை. கூப்பிட்டால் “இன்னாக்கா” என்று கேட்க நீயும் இல்லை.

கோயில் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி பாடகர் குழுப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கெல்லாம் அவன் ஆர்மோனிய மாஸ்டர். எனக்குத் தம்பி. எங்கள் தாத்தா பெயரை அவனுக்கு வைத்துவிட்டதால், மாமனார் பெயரைச் சொல்லி அதட்டக் கூடாதென்று அம்மா அவனைச் சின்ன நைனா ஆக்கினாள்.

செய்தி வந்த காலையில் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். தம்பியின் சிநேகிதர் காசிம் பாய் சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். தெருமுனையில் திரும்பும்போதே கேலியை ஆரம்பித்துவிடுகிற மனிதர் அன்று, “தங்கச்சி, கையக் கழுவிக்கினு வாம்மா” என்றார். விடியும்போது ஆஸ்பத்திரியில் தம்பிக்கு மூச்சு நின்றுவிட்டதாம். குருமடத்திலிருந்து அவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய அதே இருமல்தான், இத்தனை வருசம் காத்திருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது.

சாமியார் ஆக முடியவில்லை என்று அவன் முகம் வாடி நான் பார்த்ததில்லை. துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலைக்குப் போனான். குருமடத்தில் கற்ற லத்தீனை விடவில்லை. பழைய வேத சாஸ்திரப் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் கப்பல்காரர்கள் படித்துவிட்டுப் போட்ட இங்கிலீஷ் பத்திரிகைகள் கிடக்கும். அட்டையில் நெருப்பைக் கக்கிக்கொண்டு சந்திரனுக்குப் போகிற கப்பல் படம் இருக்கும். “வேதமும் இதுவும் ஒரே பாயிலயாடா?” என்று கேட்டேன். “ஏசு பொறந்தப்போ வந்த அந்த மூணு ராஜாங்களும் வானத்தப் படிச்சவங்கதானேக்கா. நட்சத்திரத்தப் பார்த்துத்தானே குடிலுக்கு வழி கண்டுபுடிச்சாங்க” என்றான்.

கிறிஸ்துமஸ் வந்தால் அவனுக்குக் கால் தரையில் நிற்காது. சாயங்காலம் கோயில் குடிலுக்கு முன்னால் ஆர்மோனியத்தை வைத்து இரண்டு பாட்டு, பிறகு அவனே எழுதிய ஆகாயக் கப்பல் கதை, மறுபடி பாட்டு. நம் ராயபுரத்து ஆட்களே கப்பலேறிப் போவார்கள். போன இடத்தில் திருநாள் வந்துவிடும். ஒரு வருசம் செவ்வாய்க் கிரகத்தில் குடில் வைக்க மாட்டுக்கொட்டகைக்கு எங்கே போவது என்று அலைந்தார்கள். தண்டையார்பேட்டைப் பட்டறையை மூடிவிட்டு காசிம் பாய் வருவார். அந்த ஆர்மோனியத்தின் துருத்திக்குத் தோல் ஒட்டுவது அவர்தான். “இன்னா மாமு, உன் கப்பல் மேல போறதுக்கும் என் துருத்திதானா?” என்று கேட்பார். “காத்து உன்னுது பாய், பாட்டு என்னுது” என்பான் இவன்.

இனிமேல் சொல்வது என் சங்கதி. அதைச் சொல்லாமல் அவனைச் சொல்ல முடியாது.

யுத்த காலத்தில் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். கப்பல்காரர் ஒருவரை ஞானத்தகப்பனாக வைத்தால் பிள்ளை கெட்டி என்பது எங்கள் வீட்டார் வழக்கம். என் கொழுந்தனார் கரையிறங்கட்டும், அப்புறம் ஞானஸ்நானம் என்றார் மாமியார். யுத்தத்தில் அந்தக் கப்பல் எங்கேயோ நின்றுபோனது. பிள்ளை ஒரு ஜுரத்தில் போய்விட்டாள். தலையில் தண்ணீர் ஊற்றாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். பெயரும் இல்லை. ஞானஸ்நானத்தில்தானே பெயர். உபதேசியார், “அது மோட்சமும் இல்லம்மா, நரகமும் இல்ல. நடுவுல ஒரு இடம். வெளிச்சமும் கெடயாது, வேதனையும் கெடயாது” என்றார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்.

பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்த நான், பிறகு கோயில் பக்கமே போகவில்லை. தம்பியைப் பிடித்து உலுக்கினேன். “லத்தீன் படிச்சவன்தானே நீ, சொல்லுடா. என் புள்ள எங்க கீது?”

“தெரியலக்கா” என்றான். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றிலிருந்து அத்தனை புத்தகத்தையும் புரட்டினான். ஒரு நாள் வந்து, “ஏசுவத் தேடி ஏரோது ராஜா கொன்னானே, அந்தப் பச்சப் புள்ளைங்களுக்கு யார் ஞானஸ்நானம் குடுத்தாங்க? திருச்சபை அவங்களுக்குத் திருநாள் கொண்டாடுது” என்றான்.

“அதுங்க சாமிக்காக ரத்தம் சிந்துச்சுங்க, அது வேற” என்றார் அங்கே இருந்த உபதேசியார்.

“வேறதான். ஆனா கதவு ஒண்ணே ஒண்ணுன்னு யாரும் எழுதி முடிக்கல ஐயா” என்றான்.

அந்த வருசக் கிறிஸ்துமஸில் யுத்தத்துக்காக விளக்கை மறைக்கச் சொல்லி உத்தரவு. நட்சத்திரக் கூண்டு ஒன்றும் கட்டவில்லை. கோயில் குடில் முன்னால் கட்டுக்கதை வேண்டாம் என்று உபதேசியாரும் சொல்லிவிட்டார். அவன் ஆர்மோனியத்தை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தான். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவன் கதை வாசிப்பது கேட்டது.

ஆகாயக் கப்பல் சூரியன் எட்டாத ஒரு கிரகத்தில் இறங்குகிறது. அங்கே சிறுபிள்ளைகள் மட்டும். யாருக்கும் பெயரில்லை. கப்பல்காரர்கள் திருநாள் என்று ஆர்மோனியத்தை எடுத்துப் பாடுகிறார்கள். பிள்ளைகள் ஓடி வருகின்றன. எல்லாவற்றிலும் சின்னதாக ஒன்று, “இந்தப் பாட்டு எனக்குத் தெரியுமே. அம்மா வயித்துல இருக்கறப்போ கேட்டுக்கினே இருந்தேன்” என்கிறது. “உன் பேர் இன்னாம்மா?” என்று கேட்கிறான் மாலுமி.

அங்கே நிறுத்திவிட்டான். “பேரச் சொல்லு நைனா” என்றார் காசிம் பாய். “எனக்குத் தெரியாது பாய். அக்காதான் சொல்லணும்.”

கதவைத் திறந்துகொண்டு போய், வயிற்றில் இருந்தபோதே நான் நினைத்து வைத்திருந்த பெயரை அவன் காதில் சொன்னேன். அமலி. அவன் எழுந்து நின்று அதை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். அவன் குரல் உடைந்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு ஆர்மோனியம் எடுத்தான். நானும் பாடினேன்.

அப்புறம் வந்த கதைகள் நீங்கள் கேட்டவைதான். வருசத்துக்கு வருசம் அமலி வளர்ந்தாள். வால்நட்சத்திரத்தைத் துரத்திப் பல் உடைத்துக்கொண்டாள். சுக்கான் பிடிக்கப் படித்தாள். போன கிறிஸ்துமஸுக்கு அவளே கப்பலுக்குத் தலைவி, கூட இருப்பவர்களை அதட்டுகிறாள். “வாயப் பாரு, அப்படியே உன்ன மாரியே கீது” என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். கட்டுக்கதை என்ற உபதேசியாரும் கடைசி வரிசையில் நின்று, “பொண்ணு இந்த வருசம் எங்க போவுது?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஆர்மோனியத்தைப் பாடகர் குழுவே வைத்துக்கொள்ளட்டும். லத்தீன் புத்தகங்களைச் சாமியாரிடம் கொடுத்துவிட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னானே, அந்த வார்த்தையை நான் வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் என் வாசலை விட்டுப் போகாமல் உட்கார்ந்து பாடினானே, அதையும். என் பெண்ணுக்கு ஒரு பெயரும் வயதும் இருக்கின்றன. அவை அவன் கொடுத்தவை.

இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கதை இல்லை. பாட்டு மட்டும்தான், முதல் வரிசையில் நான் நிற்பேன். அமலிக்கு ஒரு வயது கூடும், அதை நானே கூட்டிக்கொள்கிறேன். ஆனால் சின்ன நைனா, நீ போய் இறங்கிய இடத்தில் ‘மாமா’ என்று ஓடிவந்து உன் கையைப் பிடித்தது அவள்தானா?