தீப்பெட்டிக்குள் ஒரு டிரான்சிஸ்டர்

இது அளப்பு என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். மைசூரில், உதயகுமாருக்கு நடந்தது. அவன் சூடு கண்ட பூனை, லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை.

அங்கேயே ஹெப்பாளில் தொழிற்சாலை வேலை. வீட்டில், செய்தி அனுப்பவும் வாங்கவும் முடிகிற ரேடியோ செட்டைச் சொந்தமாகக் கட்டுவான். ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரன் மலைத் திருவிழாவில், போன் எடுக்காத காட்டு வழியில் பக்தர்களுக்கு உதவ, தன் செட்டோடு வந்து உட்காருவதாக நண்பன் கவின்ராஜுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். ஒரே ஒரு டிரான்சிஸ்டர்தான் குறை. ஆன்லைனில் மூன்று வாங்கினான், மூன்றும் போலி. நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்ததும் அச்செழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. அதன்பிறகு பெற்ற தாய் போடும் காபியைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தான்.

சனிக்கிழமை, நஞ்சன்கூட்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"பழைய சரக்கு சார். நீங்க தேடற டிரான்சிஸ்டர் ஒண்ணே ஒண்ணு இருக்குது."

இவளுக்கு யார் நம்பர் கொடுத்தது? சந்தேகத்தோடேயே ரயில் ஏறினான்.

மாலை 5.40, நஞ்சன்கூட்டில் அவள் கடை. கமலம்மாள் என்று பெயர் சொன்ன அந்தப் பெண், அவன் வாய் திறக்குமுன்பே தீப்பெட்டி ஒன்றை நீட்டினாள்.

"இங்க தொடைச்சுப் பாக்க வேணாம் சார். வீட்ல போய்ப் பாருங்க."

துடைத்துப் பார்ப்பது இவளுக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் கேட்டது. வெளியே பூட்டுத் தொங்கிய உள்ளறையிலிருந்து... டொக்... டொக்டொக்...

மோர்ஸ்! தட்டித் தட்டியே எழுத்துகளைச் சொல்லும் தந்திக் குறி. முதலில் அவனுடைய அழைப்புக் குறி. ரேடியோவில் அவன் ஒருவனுக்கே உரிய பெயர் அது. பிறகு... வேண்டாம்... வேண்டாம்... வேண்டாம்.

மோர்ஸ் தட்டுகிற கை, குரலைப் போல ஆளுக்கு ஆள் வேறுபடும். இது மிகவும் பழகிய கை. யாருடையது என்றுதான் பிடிபடவில்லை.

"உள்ள யாரு?"

"யாருமில்லியே."

இரவு 7.25. வீட்டில் துடைத்தான். எழுத்து அசையவில்லை. அசல்! பின்பக்கத்தைத் துடைத்தபோது பெயின்ட் உரிந்தது. அடியில் ஊசிக் கீறல்.

அவனும் கவின்ராஜும் இருந்த ரேடியோக் குழுவில் ஒரு வழக்கம். யாராவது இறந்துபோனால் அவர் செட்டைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் அவர் குறியையும் இறந்த தேதியையும் கீறி, பகிர்ந்துகொள்வார்கள்.

கீறியிருந்தது அவனுடைய குறி.

மறுநாள் தேதி.

டிரான்சிஸ்டரைத் தீப்பெட்டிக்குள்ளேயே போட்டு மூடினான். அதைச் செட்டில் பொருத்தவில்லை. காய்ச்சல் என்று கவின்ராஜுக்குப் பொய்ச்செய்தி அனுப்பினான். ஞாயிறு முழுக்க அறையைவிட்டு வெளியே வரவில்லை.

திங்கள் காலை கவின்ராஜ் போன் செய்தான்.

"உன்னாலதான்டா உசுரோட இருக்கேன். உன் எடத்துல என் செட்ட வெச்சு நான் உக்காந்திருந்தேன். 4.05க்கு நீ மோர்ஸ்ல கூப்ட்ட. வேண்டாம், வேண்டாம், வேண்டாம்னு. உனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுன்னு ஜீப்புக்கு ஓடினேன். 4.15க்கு ஏரியல்ல இடி உழுந்துச்சு. நாற்காலி கரிக்கட்டைடா!"

"நான்... கூப்பிடலைடா."

"உன் கை எனக்குத் தெரியாதா?"

நஞ்சன்கூட்டில் பூட்டிய அறைக்குள் தட்டியது யார் என்று அப்போதுதான் உதயகுமாருக்குப் பிடிபட்டது.

மேசைமேல் அவன் செட் திறந்தே கிடந்தது.

டிரான்சிஸ்டர் இருக்க வேண்டிய இடம்... காலியாகத்தான் இருந்தது.