சகலை போட்ட நீல மெனு

பார்சல் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் சின்ன மாப்பிள்ளை, இன்னொன்றில் பெரிய மாப்பிள்ளை. அக்கா தங்கையைக் கட்டியவர்கள். மாமனார் வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர்கள் ஆபீசுக்கும் கூடவே வந்துவிட்டன. சின்னவர்தான் கம்பெனிக்கு முதலில் வந்தவர். வேலையில்லாமல் இருந்த சகலைக்காக முதலாளியிடம் வாய்விட்டுக் கேட்டவரும் அவரே. ஏன்தான் அந்த வாயைத் திறந்தோமோ என்று இப்போது நொந்துகொண்டிருந்தார்.

காரணம் ஒரு மெனு.

பார்சல் கட்டணப் புரோகிராமை அசெம்பிளி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவர் சின்னவர். எடை, தூரம், கட்டணம் எதுவும் பிசகாது. ஆனால் திரையில் கறுப்பில் வெள்ளை எழுத்து. எண்ணைத் தட்டினால் வேலை நடக்கும், அவ்வளவுதான். பெரியவர் வந்து அதன் தலையில் மெனு ஒன்றைச் சூட்டினார். நீலக் கட்டம், மஞ்சள் எழுத்து. அம்புக்குறியை அழுத்தினால் சிவப்புப் பட்டை வரிக்கு வரி வழுக்கிக்கொண்டு இறங்கும். மூடினால், அடியில் மறைந்திருந்த எழுத்துகள் அலுங்காமல் திரும்பி வரும்.

"புரோகிராம்னா இதுய்யா!" என்றார் முதலாளி.

சமைத்தவன் அடுப்படியில் நிற்க, பரிமாறியவனுக்குப் பாராட்டா? சின்னவருக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போனால் அங்கும் அதே பேச்சு.

"அத்தான் என்னமோ கலர் கலரா போட்டிருக்காராமே? நீங்க ஏங்க அப்படிப் போடல?" என்று கேட்டாள் மனைவி.

"கணக்குப் போட்டது நான்டி."

"அது உள்ளல்ல இருக்கு? யார் கண்ணுக்குத் தெரியுது?"

இந்த நேரம் பார்த்து, ஆற்றுக்கு அந்தப் பக்கக் கிளையில் புரோகிராமைக் காட்டிவிட்டு, கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர் யாரென்று சொல்வதாக முதலாளி அறிவித்தார்.

பெரியவர் வெளியே போயிருந்த நேரத்தில் சின்னவர் அவருடைய மெனுவைத் திறந்து, பேன் பார்ப்பதுபோல வரி வரியாகப் பார்த்தார். திரையில் தெரியும் ஒவ்வொரு எழுத்துக்கும் நினைவகத்தில் இரண்டு இடம். ஒன்றில் எழுத்து, பக்கத்தில் அதன் நிறம். பெரியவர் அந்த நிறங்களை மட்டும் மாற்றி மாற்றியே பட்டையை ஓட விட்டிருந்தார். சுத்தமான வேலை. அதுவே எரிச்சலாக இருந்தது. பிறகுதான் கண்ணில் பட்டது: எல்லாமே நினைவகத்தில் கலர் திரைக்கு ஒதுக்கிய முகவரிக்கே போகிறது. பழைய ஒற்றை நிறத் திரைக்கு முகவரியே வேறு. எந்தத் திரை என்று கேட்டுப் பார்க்கும் வரி எங்குமே இல்லை. அந்தக் கிளையில் இருப்பதோ பழைய பச்சைத் திரை. நிறுவிவிட்டு வந்தவரே சின்னவர்தான்.

சத்தமில்லாமல் மூடி வைத்தார்.

கிளைக்கு வேனில் போகும்போது பெரியவர் கேட்டார். "சகலை, ஏதாச்சும் விட்டிருக்கேனா? நீங்க ஒரு தடவ பாத்தீங்களா?"

"எனக்கு எங்க நேரம்?"

கிளையில் புரோகிராமை ஓடவிட்டதும் பச்சைத் திரையில் ஒன்றும் வரவில்லை. கர்சர் மட்டும் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

"என்ன சார், மெனு இன்னைக்கு லீவா?" என்றாள் பில் போடும் பெண்.

அந்தக் கேள்வி சின்னவர் நெஞ்சில் பால் வார்த்தது. பெரியவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் அவர் எழவில்லை. கண்ணை மூடி, மெனுவை மனசில் வைத்துக்கொண்டு தட்டினார். கீழே, கீழே, என்டர். எடை, ஊர், என்டர். பிரிண்டர் கிறீச்சிட்டு பில்லைத் துப்பியது.

"கண்ணக் கட்டிட்டு வண்டி ஓட்டுறான்யா!" முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார்.

பில்லில் இருந்த கட்டணம் சரியாக இருந்தது. அது யார் கணக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சின்னவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"நகருங்க சகலை" என்று உட்கார்ந்தார். எங்கும் தேடவில்லை, நேராக அந்த இடத்துக்குப் போனார். பழைய திரையின் முகவரியைச் சேர்த்தார். அதில் சிவப்பு இல்லாததால், பட்டை பச்சையாகவும் எழுத்து கறுப்பாகவும் தலைகீழாகும்படி மாற்றினார். திரும்ப ஓடவிட்டதும் மெனு பளிச்சென்று வந்து நின்றது. பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தார்.

முதலாளி சிரிக்கவில்லை. "கோளாறு எங்கன்னு தேடவே இல்லியே நீ. முன்னாடியே தெரியுமா?"

சின்னவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"தெரிஞ்சவன் வாய மூடிட்டு வேன்ல கூடவே வந்திருக்க. இனிமே பெரியவர்தான் பிரிவுக்குத் தலைவர். அவரு சொல்றபடி செய்."

திரும்பும் வழியில் பெரியவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பாலம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்:

"இத வீட்டுல சொல்ல மாட்டேன் சகலை. பயப்படாதீங்க."

சின்னவர் தலையை மட்டும் ஆட்டினார். தன்னால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்தது. இந்தப் பெரிய மனசும் இந்த ஆளுக்கே வாய்த்திருக்கிறதே என்று, மெனுவை நினைத்தபோது எரிந்ததைவிட அதிகமாக எரிந்தது.