பின்சீட்டுக்கு ஒரு சாய்மானம்

என் உயரத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் ஊரில் யாரும் இல்லை. நான் பிறந்த தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள், கம்பு எட்டாத மரத்துக்கு என்னை அனுப்பும்படி, வேலை ஏவுகிற மண்டோரிடம் சிபாரிசு செய்வதாகச் சிரிப்பார்கள். பள்ளிக்கூடப் படங்கள் எல்லாவற்றிலும் கடைசி வரிசையில் கூனிக்கொண்டு நிற்கிறேன். இவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு ஒரு பந்தாவது ஒழுங்காக ஆடினேனா என்றால் அதுவும் இல்லை. கல்யாண வீடுகளில் தோரணம் கட்ட மட்டும் மறக்காமல் கூப்பிடுவார்கள்.

கொஞ்சம் அறிவு இருந்திருந்தால் என் உடம்புக்கு ஏற்ற மோட்டார் சைக்கிளாக வாங்கியிருப்பேன். நான் வாங்கியது கப்சாய். இங்கே தோட்டம், கம்பம் என்கிற மலாய்க் கிராமம், டவுன் என்று எல்லா இடத்திலும் ஓடுகிற அந்தச் சின்ன வண்டிதான். எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர அதை வாங்கியதற்கு வேறு காரணம் கிடையாது. அதில் உட்கார்ந்தால் என் முழங்கால்கள் ஹேண்டலுக்கு இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இடது பக்கம் திரும்பும்போது ஹார்ன் பொத்தான் முழங்காலில் இடித்துத் தானாக அலறும். ஈஜோக் முச்சந்தியில் நான் திரும்பும்போதெல்லாம் கடைவாசலில் நிற்பவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறேன் என்று கை தூக்குவார்கள். நானும் மரியாதைக்குத் தலையாட்டுவேன். இப்படியே பல பேர் எனக்குப் பழக்கமாகிவிட்டார்கள். அவர்கள் யார் என்றுதான் இன்றுவரை தெரியாது.

எனக்கு ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. மனைவிக்குப் புஞ்சாக் ஆலாமில், பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் பகல் வேலை. காலையில் நான் வீட்டுக்கு வரும்போது அவள் கிளம்பி நிற்பாள். மாலையில் தோழியின் காரில் அவள் வந்து இறங்கும்போது நான் சட்டை மாட்டிக்கொண்டிருப்பேன். வார நாட்களில் நாங்கள் சேர்ந்திருப்பது, காலையில் அவளைக் கொண்டுபோய் விடுகிற அந்த அரைமணி நேரம்தான். குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றபடி போவோம். அவள் என் நெஞ்சுயரம்கூட இல்லை. அதனால் என் முதுகோடு பேசிக்கொண்டு வருவாள். மேலதிகாரியின் கஞ்சத்தனம், அக்கா வீட்டுச் சண்டை, நேற்று வைத்த குழம்பு ஏன் புளித்துப்போனது, எல்லாம் வரும். எனக்குப் பாதிதான் காதில் விழும். மீதிக்கு "ம்" போடுவேன். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் இரவெல்லாம் கண்விழிக்கிறேன் என்றுகூட எனக்குத் தோன்றும். அவளிடம் அதைச் சொன்னதில்லை.

முழங்கால் வலி பொறுக்க முடியாமல் போனபோது, தஞ்சோங் காராங் போகிற சாலையோரத்தில் மோட்டார் சீட்டுக்கு உறை தைக்கிற குஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் மலாய்க்காரர், என் அண்ணன் வயது இருக்கும். அண்ணன் என்ற அர்த்தத்தில் 'பாங்' என்று கூப்பிடுவேன். முன்சீட்டுக்குத் தடிமனான ஸ்பாஞ்சு வைத்து உயர்த்தினார். முழங்கால் இறங்கியது, ஹார்ன் வாயை மூடியது. அதோடு விட்டிருக்கலாம். முன்னால் மட்டும் மேடாக இருந்தால் பார்க்க அசிங்கம் என்று பின்சீட்டையும் உயர்த்தச் சொன்னேன்.

மறுநாள் காலையில் மனைவி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என்னங்க, யானைக்கு அம்பாரி கட்டிட்டு வந்திருக்கீங்களா?"

அன்றிலிருந்து வீட்டு முன்னால் இருக்கிற லொங்காங் திட்டின் மேல் நின்றுதான் அவள் ஏறுவாள். சாக்கடை ஓரத்தில் கைப்பையோடு நின்றுகொண்டு, வண்டியை இன்னும் கிட்டக் கொண்டுவா என்று சைகை காட்டுவாள். இறங்கும்போது திட்டு கிடையாது. வேலையிடத்து வாசலில், மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, குதிப்பாள். சாய்ந்துகொள்ளவும் ஒன்றுமில்லை, இடுப்பு விட்டுப்போகிறது என்றாள். ஒருநாள் குதித்து இறங்கி, சுடிதாரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"லைசன்ஸ் எடுத்து சும்மாத்தானே வச்சிருக்கேன். செகண்ட்ஹேண்ட் கார் ஒன்னு பாக்கலாம்னு இருக்கேன்லா."

கார் வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. காரணம் காசு அல்ல. என் மைத்துனரின் சின்னக் காரை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஸ்டீரிங் என் முழங்கால்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. கூரை இடித்ததால், பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்பவன்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓட்டினேன். கார் எனக்கு ஒத்துவராது என்று அன்றே குடும்பத்தில் அறிவித்தும் விட்டேன். இப்போது அவள் கார் வாங்கினால் அவளே ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். அந்த அரைமணி நேரம் போய்விடும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு, ஒரே வீட்டில் மாறி மாறித் தூங்குகிற இரண்டு பேராக ஆகிவிடுவோம் என்று பயந்தேன்.

வேறு யாராக இருந்தாலும் இதை வாயைத் திறந்து சொல்லியிருப்பார்கள். நான் பின்சீட்டுக்குச் சாய்மானம் வைக்கக் கிளம்பினேன். பின்சீட்டைப் பழையபடி இறக்கி, அவள் சொகுசாகச் சாய்ந்துகொள்ள மெத்தென்று ஒன்று வைத்துவிட்டால் கார் நினைப்பே வராது என்பது என் திட்டம். வீட்டில் மூச்சுவிடாமல் குஷன் கடைக்குப் போனேன்.

"யாங் சண்டார் சியாப்பா?" என்று கேட்டார் பாங். சாய்ந்துகொள்ளப் போவது யார் என்கிறார்.

மனைவி என்று சொல்ல மலாயில் சொல்லா இல்லை? ஆனால் நம் ஆட்களுக்கு அடுத்தவரிடம் மனைவி என்று சொல்ல வாய் கூசும். 'வீட்ல' என்போம், 'வீட்டு ஆளு' என்போம். என்னுடையதோ தோட்டத்து மலாய். தமிழில் நினைத்ததை அப்படியே மலாயில் கொட்டுவேன். வீட்டு ஆள் என்ற நினைப்பில் "ருமா பூஞா ஓராங்" என்றேன். மலாய்க்காரர்களும் மனைவியை வீட்டு ஆள் என்றுதான் சொல்வார்கள், ஆனால் 'ஓராங் ருமா' என்று சொல்ல வேண்டும். நான் திருப்பிப் போட்டதில், வீட்டில் இருக்கிற ஆட்கள் எல்லாரும் என்று ஆகிவிட்டது.

அவர் என்னைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். "செமுவா திங்கி?" என்றார். எல்லாரும் உயரமா என்று அர்த்தம்.

அவர் என் வம்சத்தை மெச்சுகிறார் என்று நினைத்தேன். "எல்லாரும் உயரம்தான் பாங், எங்கப்பா என்னைவிட உயரம்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மலாயில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, பின்சீட்டைப் பழைய உயரத்துக்கு இறக்கி, என்னை அதில் உட்காரச் சொன்னார். அளவெடுக்க ஓர் ஆள் வேண்டும்போல என்று நானும் ஜவுளிக்கடைப் பொம்மைமாதிரி விறைப்பாக உட்கார்ந்தேன். என் தோள்பட்டைக்கு நேராகச் சாக்கட்டியால் கோடு போட்டார். என் தொடை நீளத்துக்குத் தோதாகச் சாய்மானத்தைப் பின்னால் தள்ளி வைத்தார். நான் சாய்ந்து பார்த்தேன். அத்தனை சுகமாக இருந்தது. இவ்வளவு நல்ல புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

காலையில் அவள் பார்த்தாள். வண்டிக்குப் பின்னால் முடிதிருத்தும் கடை நாற்காலியின் முதுகு நிமிர்ந்து நின்றது.

"இது யாருக்குங்க?"

"உனக்குத்தான். சாஞ்சுக்கோ."

ஏறி உட்கார்ந்து சாய்ந்தாள். சாய்ந்துகொண்டே போனாள். மல்லாக்கப் படுத்தால்தான் முதுகு மெத்தையைத் தொட்டது. தொட்டபோது ஹெல்மெட் சாய்மானத்தின் மேல்சட்டத்தில் 'டொக்' என்று இடித்தது. சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. நானும் அசடு வழிந்தேன். நான் மெனக்கெட்டுச் செய்ததாயிற்றே என்று அவள் அப்படியே சாய்ந்தபடி வந்தாள். அதுதான் வினை. அவள் வாய் என் முதுகை விட்டு வெகுதூரம் போய்விட்டது. அவள் ஏதோ பேசினாள், காற்று கொண்டுபோனது. "என்னா?" என்றேன். மறுபடி சொன்னாள். மறுபடி "என்னா?" என்றேன். பிறகு அவள் பேசவில்லை. புஞ்சாக் ஆலாம் வரைக்கும் வண்டிச் சத்தம் மட்டும்தான். எதைக் காப்பாற்ற இந்தக் கூத்தெல்லாம் ஆடினேனோ, அதை என் கையாலேயே கெடுத்துவிட்டேன்.

இறங்கியதும், "சனிக்கிழமை கோலா சிலாங்கூர்ல கார் பாக்கப் போறேன், நீங்களும் வாங்க" என்றாள். நான் தோற்றுப்போனவனாகத் தலையாட்டினேன்.

பழைய கார் விற்கும் அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். விற்பனையாளர் நம் ஆள், நரைத்த மீசைக்காரர். பளபளவென்று எத்தனையோ கார்கள் வரிசையில் நின்றன. அவள் ஒன்றையும் திரும்பிப் பார்க்காமல் கடைசியில் நின்ற சாம்பல் நிறக் காரிடம் நேராகப் போனாள். அழகில்லாத கார். பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது.

"ஏறுங்க. ரெண்டு பக்கமும் உக்காந்து பாருங்க."

பழக்க தோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டு ஏறினேன். கூரை இடிக்கவில்லை. முழங்கால் எங்காவது இடிக்கும் என்று காலை அசைத்துப் பார்த்தேன். ஸ்டீரிங் பக்கத்திலும் உட்கார்ந்தேன். அங்கேயும் ஒன்றும் இடிக்கவில்லை.

விற்பனையாளர் ஜன்னல் வழியே குனிந்தார். "அண்ணே, அக்கா போன வாரமே வந்துட்டாங்க. கையில டேப்பு. எஞ்சின் பாக்கல, பெயின்ட் பாக்கல. ஒவ்வொரு கார்லயும் சீட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் எவ்ளோ தூரம்னு அளந்துட்டே போறாங்க. என்னாடா, கார்ல கட்டில் போடப் போறாங்களான்னு நெனச்சேன்லா."

நான் அவளைப் பார்த்தேன்.

"அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நீங்க அசந்து தூங்குனப்ப இடுப்புலேர்ந்து முட்டிவரைக்கும் அளந்துட்டேன்" என்றாள். "போறப்ப நான் ஓட்டுறேன். என்னை விட்டுட்டுத் திரும்பி வர்றப்ப நீங்க ஓட்டிட்டு வாங்க."

"தனியாவே போலாமே நீ. அதுக்குத்தானே கார்?"

"தனியாப் போனா நான் யார்கிட்டங்க பேசுறது?"

அவள் சாய்ந்துகொள்ள நான் என் முதுகை அளந்து கொடுத்துவிட்டு வந்தவன். அவள் தன் காருக்கு என் காலை அளந்திருக்கிறாள்.

"பிடிச்சிருக்கா அண்ணே?" என்றார் விற்பனையாளர். எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. கால் நீட்ட இடம் இருக்கிறதா என்று பார்ப்பவனைப்போலக் குனிந்துகொண்டேன்.